நெருப்பு பாரசீகத்திலும் எரியும்: அரிஸ்டாட்டில் இதை யார் வாயில் வைத்தார்?

பதிவு 1 – ஆற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். சட்டப்படிப்பு மாணவி. சட்டவியல் தாளுக்குப் படிக்கும்போது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். கையிலிருக்கும் குறிப்பில் "அரிஸ்டாட்டில் இயற்கைச் சட்டத்தின் தந்தை. நெருப்பு கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் ஒரே மாதிரி எரிவதுபோல, இயற்கைச் சட்டமும் எங்கும் மாறாதது என்றார்" என்று இருக்கிறது. பல வருடமாகக் கைமாறி வரும் குறிப்பு. சீனியர்கள் இதை அப்படியே எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, மூலத்தையே பார்த்துவிடலாம் என்று அவர் எழுதிய நிக்கோமாக்கிய அறவியலின் 5ஆம் நூல் 7ஆம் அதிகாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்தேன். ஒரு பக்கம்கூட வராது. மூன்று முறை படித்துவிட்டேன். நெருப்பு உவமை அங்கே இருக்கிறது, ஆனால் அதைச் சொல்பவர் அரிஸ்டாட்டில் மாதிரித் தெரியவில்லை. அவர் மறுக்கிற ஆட்கள் சொல்வது மாதிரி இருக்கிறது. நான் தப்பாகப் படிக்கிறேனா?

பதிவு 2 – பழைய ஏடு

நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், அம்மா. குறிப்புதான் தவறு. அந்தப் பத்தியைக் கிரேக்கத்தில் பலமுறை படித்தவன் என்பதால் அதன் ஓட்டத்தைச் சொல்கிறேன்.

முதலில், அங்கே அவர் பேசுவது "சட்டம்" பற்றி அல்ல. அவர் எடுக்கும் சொல் டிகையோன், அதாவது நியாயமானது. நகர மக்களுக்கு இடையே இருக்கும் நியாயத்தில் ஒரு பகுதி இயற்கையால் வந்தது, ஒரு பகுதி நோமோஸால் வந்தது என்கிறார். நோமோஸ் என்றால் சட்டம், வழக்கம், ஏற்பாடு எல்லாம் சேர்ந்தது. எங்கும் ஒரே வலிமையோடு இருப்பதும், நாம் இப்படியோ அப்படியோ நினைப்பதைப் பொறுத்து அமையாததும் இயற்கை நியாயம். எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று முதலில் இருந்து, ஒருமுறை விதித்த பிறகு அப்படியே நடக்கவேண்டியதாக ஆவது மற்றது.

இரண்டாவதற்கு அவர் தரும் உதாரணங்களைப் பாருங்கள். போர்க்கைதியை மீட்க ஒரு மினா, அதாவது நூறு டிராக்மா வெள்ளிக்காசு. இரண்டு செம்மறி அல்ல, ஒரு வெள்ளாட்டைப் பலியிடவேண்டும் என்பது. பிராசிடாசுக்குப் பலி கொடுப்பது. இந்தப் பிராசிடாஸ் ஸ்பார்ட்டாவின் தளபதி, கி.மு. 422இல் ஆம்ஃபிபோலிஸ் போரில் செத்தவர். அந்த ஊர்க்காரர்கள் அவரை வீரதெய்வமாக வைத்துக் கும்பிட்டார்கள். அரிஸ்டாட்டில் பிறந்த ஸ்டகிராவுக்குப் பக்கத்து ஊர் அது. பையனாக இருந்தபோதே அந்தப் பூசையைக் கேள்விப்பட்டிருப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இதற்குப் பிறகுதான் நெருப்பு. "சிலர் எல்லா நியாயமும் இந்த இரண்டாம் வகைதான் என்று நினைக்கிறார்கள். ஏனென்றால் இயற்கையானது அசையாது. நெருப்பு இங்கும் எரிகிறது, பாரசீகத்திலும் எரிகிறது. நியாயமோ அவர்கள் கண்ணெதிரே மாறுகிறது." இது அந்தச் "சிலர்" வைக்கும் வாதம். அவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான்: இயற்கை மாறாது, நியாயம் மாறுகிறது, ஆகவே நியாயம் இயற்கை அல்ல.

அதற்கு அவர் பதில்: "அது அப்படியே உண்மையல்ல, ஒரு வகையில் உண்மை. தேவர்களிடத்தில் ஒருவேளை எதுவுமே மாறாமல் இருக்கலாம். நம்மிடத்தில் இயற்கையால் ஆனது என்று ஒன்று உண்டு. ஆனாலும் எல்லாமே மாறக்கூடியவை."

உங்கள் குறிப்பு எதிராளியின் உவமையை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டது. கூடவே, அவர் சொல்லாத "மாறாதது" என்பதையும் அவர் தலையில் கட்டிவிட்டது.

பதிவு 3 – முத்திரைத்தாள்

இருபத்திரண்டு வருடமாக வக்கீல் தொழில். பழைய ஏடு சார் சொன்ன பத்தியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்து "இயற்கைச் சட்டம் பேசியவர் இல்லை" என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. அவருடைய பேச்சுக்கலை நூலின் முதல் நூல் 13ஆம் அதிகாரத்தை யாரும் இன்னும் எடுக்கவில்லையே!

அங்கே நேரடியாக நோமோஸ் என்ற சொல்லையே போடுகிறார். ஒவ்வொரு நகரமும் தனக்கென்று வைத்துக்கொண்டது தனிச் சட்டம், இயற்கைப்படி இருப்பது பொதுச் சட்டம். மனிதர்களுக்குள் உறவோ ஒப்பந்தமோ இல்லாவிட்டாலும், இயற்கையாகவே நியாயம் அநியாயம் என்று ஒன்று உண்டு, அதை எல்லோரும் உள்ளூர உணர்கிறார்கள் என்கிறார். அதற்குச் சாட்சியாக அழைப்பது சோஃபக்ளீஸ் நாடகத்தின் நாயகி அன்டிகோனியை. அண்ணனை அடக்கம் செய்யக்கூடாது என்று தீப்ஸ் நகர அரசன் கிரியோன் ஆணை போட்டுவிட்டான். அவள் மண் தூவினாள். பிடித்துவந்து நிறுத்தினபோது, தான் மதித்த அந்தச் சட்டம் இன்று நேற்று வந்ததல்ல, என்றென்றும் வாழ்வது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது என்கிறாள்.

அடுத்த சாட்சி, பாட்டாகவே தத்துவம் எழுதிய எம்பெடாக்ளீஸ். உயிருள்ளதைக் கொல்லாமை சிலருக்கு நியாயம் சிலருக்கு இல்லை என்பதல்ல, அகன்ற வானமும் எல்லையற்ற மண்ணும் முழுக்க விரிந்துகிடக்கும் சட்டம் அது என்பது அவர் பாட்டு. எழுதாத சட்டத்தை இதைவிட வலுவாக யார் பேசியிருக்கிறார்கள்?

பதிவு 4 – பழைய ஏடு

அருமையான இடத்தைக் காட்டினீர்கள். அதே முதல் நூலில் இரண்டு அதிகாரம் தள்ளி, 15ஆவதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எழுதிய சட்டம் நம் வழக்குக்குப் பாதகமாக இருந்தால் பொதுச் சட்டத்தைப் பிடித்துக்கொள், அது என்றும் மாறாதது என்று வாதாடு என்கிறார். அங்கேயும் அன்டிகோனி வருகிறாள். அடுத்த மூச்சிலேயே, எழுதிய சட்டம் நமக்குச் சாதகமாக இருந்தால் என்ன பேசவேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்: போட்ட சட்டத்தைப் பயன்படுத்தாமல் விடுவதும் சட்டமே இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான், வைத்தியனைவிடப் புத்திசாலியாக நடந்துகொள்வதில் லாபமில்லை என்று பேசு என்கிறார்.

இது வாதாடுபவனுக்கான கைநூல். இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் கொடுக்கிறது. "மாறாத பொதுச் சட்டம்" என்ற சொற்கள் அங்கே மேடைக்கான சொற்கள். அறவியலில் தன் பெயரில் நின்று பேசும்போது "எல்லாம் மாறக்கூடியவை" என்கிறார். இரண்டில் எதற்கு எடை கூட என்றால் நான் அறவியல் பக்கம்.

பதிவு 5 – முத்திரைத்தாள்

15ஆம் அதிகாரம் கைநூல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 13ஆம் அதிகாரம் வாதத் தந்திரமாக எழுதப்படவில்லை. "எல்லோரும் உள்ளூர உணர்கிறார்கள்" என்பது அவர் தன் குரலில் சொல்லும் வாக்கியம். கேட்கும் ஜனங்களின் நெஞ்சில் அப்படி ஒன்று கிடப்பதால்தான் அந்த வாதமே கோர்ட்டில் எடுபடும். இத்தனை வருடத்தில் நான் கண்ணால் பார்த்தது இது. அதை வெறும் மேடைப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு 6 – இடக்கை

நான் தத்துவம் படித்தவன் இல்லை. இந்த இழையைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரத்தைத் தேடிப் படித்தேன். நெருப்புக்குப் பதிலாக அவர் வைக்கும் உவமையை யாரும் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தைத்தது: வலக்கை இயற்கையாகவே வலுவானது, ஆனாலும் யாரும் இரண்டு கையையும் சமமாகப் பழக்கிக்கொள்ள முடியும்.

நான் பிறவி இடக்கைக்காரன். ஒன்றாம் வகுப்பில் ஆசிரியர் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி வலது கையில் பென்சிலைத் திணித்தார். வீட்டில் பாட்டி "சோத்துக்கையில சாப்புடுறா" என்று அதட்டி அதட்டி மாற்றினாள். இன்று எழுதுவதும் சாப்பிடுவதும் வலக்கையில். பந்து எறிவதும் சுத்தியல் பிடிப்பதும் இடக்கையில். ஐம்பது வயதிலும் அவசரத்துக்கு நீள்வது இடக்கைதான். பழக்கம் என்னை மாற்றியது. ஆனால் மாறுவதற்கு முன்னால் அங்கே ஏதோ ஒன்று இருந்தது, அது இன்னும் இருக்கிறது.

"இயற்கையானது, ஆனால் மாறக்கூடியது" என்பது முரண் என்று நினைப்பவர்களுக்கு என் இரண்டு கைகளும் பதில். நெருப்புக்கு இந்த விஷயம் கிடையாது. அதை எப்படிப் பழக்கினாலும் குளிராது. மனிதனின் இயற்கை நெருப்பு வகை இல்லை, கை வகை.

பதிவு 7 – பழைய ஏடு

இடக்கை, நான் பத்து வருடமாகச் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

அறவியல் 2ஆம் நூலின் தொடக்கத்தில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. கல் இயற்கையாகவே கீழே விழும். பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே போகப் பழகாது. நற்பண்பு அப்படி அல்ல. அது இயற்கையால் நம்மிடம் முளைப்பதில்லை, இயற்கைக்கு விரோதமாகவும் முளைப்பதில்லை. அதை ஏற்கும் தகுதி இயற்கையில் இருக்கிறது, பழக்கம் அதை நிறைவாக்குகிறது. வீடு கட்டிக் கட்டிக் கொத்தனார் ஆவதுபோல நியாயமானதைச் செய்து செய்து நியாயமானவன் ஆகிறோம் என்பார். அவர் அறவியல் முழுக்க இந்த ஒரு தண்டில் நிற்கிறது.

அந்தச் "சிலர்" யார் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். பெயர் சொல்லவில்லை அரிஸ்டாட்டில். கூலி வாங்கிக்கொண்டு பேச்சும் வாதமும் கற்பித்த சோஃபிஸ்டுகளில் ஒரு சாரார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஒருவரான ஆன்டிஃபோன் எழுதிய "உண்மை" என்ற நூலின் துண்டுகள் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல் தாள்களில் இருந்தன. பெரிய துண்டு 1915இல் அச்சானது. சாட்சிகள் இருக்கும்போது நகரத்தின் சட்டத்தை மதி, தனியாக இருக்கும்போது இயற்கையை மதி, அதுவே உனக்கு லாபம் என்று அதில் வருகிறது. சட்டம் மனிதர்கள் ஒத்துக்கொண்டது, இயற்கை நாம் விட்டாலும் நம்மை விடாதது என்பது வாதம். நெருப்பு உவமைக்காரர்களுக்கு நெருங்கிய உறவு.

பதிவு 8 – கரிசல்

இவ்வளவு நேரம் எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். ஒருவர்கூட அடிமைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

"அரசியல்" முதல் நூலில் இதே மனிதர் சில மனிதர்கள் இயற்கையாகவே அடிமைகள் என்கிறார். நீங்கள் கொண்டாடும் 7ஆம் அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரத்தையும் படியுங்கள். நகர நியாயம் என்பது சுதந்திரமான, சமமான மனிதர்களுக்கு இடையே மட்டும் இருப்பது. அடிமை எசமானின் உடைமை, தன் உடைமைக்கு எதிராக யாரும் அநியாயம் செய்ய முடியாது என்று அங்கே இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் "நகர நியாயத்தில் ஒரு பகுதி இயற்கை" என்று தொடங்குகிறார். அப்படியானால் அந்த இயற்கை நியாயம் யாருக்கு? ஏதென்ஸில் கல் உடைத்தவனுக்கும் லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் செத்தவனுக்கும் அதில் பங்கு உண்டா?

அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிடாதீர்கள். முத்திரைத்தாள் காட்டிய அதே பேச்சுக்கலை 13ஆம் அதிகாரத்தில் அன்டிகோனி, எம்பெடாக்ளீஸுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது: பேச்சாளர் அல்கிடமாஸ். அவர் மெசேனியாக்காரர்களுக்காகச் செய்த பேச்சைப் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார் அரிஸ்டாட்டில். பேச்சில் என்ன இருந்தது என்பது பழைய உரைக்குறிப்பால்தான் நமக்குத் தெரிகிறது: "கடவுள் எல்லோரையும் சுதந்திரராக விட்டார், இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை." ஆக அந்தக் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆன்டிஃபோனும் அதே பாப்பிரஸ் துண்டுகளில் கிரேக்கரும் அந்நியரும் இயற்கையில் ஒன்றுதான், எல்லோரும் வாயாலும் மூக்காலும்தான் மூச்சு விடுகிறோம் என்கிறார். நெருப்பு உவமைக்காரர்களின் உறவினர் என்று சொன்னீர்களே, அந்த மனிதர்!

இது ஏட்டோடு நிற்கவும் இல்லை. 1550, 1551இல் ஸ்பெயினின் வயதோலித் நகரில் அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி விவாதம் நடந்தபோது, செபுல்வேதா என்ற அறிஞர் அவர்கள்மேல் போர் தொடுப்பது நியாயம் என்று வாதிட்டது இந்த இயற்கை அடிமைக் கருத்தை வைத்து. அவர் "அரசியல்" நூலை லத்தீனில் பெயர்த்தவர். எதிரே பழங்குடிகளுக்காகப் பேசிய பாதிரியார் லாஸ் காசாஸ் நின்றார். ஏறத்தாழ பத்தொன்பது நூற்றாண்டு கழித்து ஒரு வாக்கியம் மனிதர்கள் கழுத்தில் விழுந்தது.

பதிவு 9 – முத்திரைத்தாள்

கரிசல், நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் எதிர்க்கப் போவதில்லை. அல்கிடமாஸை விட்டுவிட்டது என் பிழை. பட்டியலை எழுதும்போது அவர் பெயரைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், அவரைக் காப்பாற்ற அல்ல. அறவியல் 8ஆம் நூலில் நட்பைப் பற்றி வரும் இடத்தில் அடிமை உயிருள்ள கருவி, அடிமை என்ற முறையில் அவனோடு நட்பு இல்லை என்கிறார். உடனே, "மனிதன் என்ற முறையில் உண்டு, சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் பங்குகொள்ளக்கூடிய எவரோடும் ஒவ்வொரு மனிதனுக்கும் ஏதோ ஒரு நியாயம் உண்டு என்று தோன்றுகிறது" என்கிறார். தன் உயிலில் தனக்குப் பணி செய்த பிள்ளைகளை விற்கக்கூடாது, வயது வந்ததும் தகுதிக்கேற்ப விடுவிக்கவேண்டும் என்று எழுதியிருப்பதாக, தத்துவவாதிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜீனஸ் லயெர்ஷியஸ் தருகிறார். அவர் கோட்பாட்டில் விரிசல் விழுந்த இடம் அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்த விரிசலைப் பிடித்து அவர் இழுக்கவில்லை. அது பெரிய தவறு.

பதிவு 10 – கரிசல்

"மனிதன் என்ற முறையில்" என்ற அந்த வரியை நான் கவனித்ததில்லை. நன்றி. அதைப் படித்தபிறகு கோபம் கூடுகிறது, குறையவில்லை. தெரிந்தவர் கூடுதலாகப் பொறுப்பாளி.

பதிவு 11 – ஈயக்குண்டு

கட்டட மேற்பார்வை என் வேலை. வேறொரு இடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதே 5ஆம் நூல் 10ஆம் அதிகாரத்தில் லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோல் வருகிறது. கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும் கோல், விறைத்து நிற்காது.

செங்கல் சுவருக்கு மட்டப்பலகை போதும். கருங்கல் கட்டில் ஒவ்வொரு கல்லும் ஒரு முகம். நேர்கோலை வைத்தால் எங்கும் இடைவெளிதான் தெரியும். ஈயத்தை அழுத்தி ஒரு கல்லின் நெளிவை எடுத்துக்கொண்டால் அடுத்த கல்லை அதற்குப் பொருந்தக் கொத்தலாம். வளைகிறது என்பதால் அது அளவே இல்லை என்று எந்தக் கொத்தனாரும் சொல்லமாட்டார். அந்தக் கல்லுக்கு அதைவிடச் சரியான அளவு வேறில்லை. அரிஸ்டாட்டில் அந்தத் தீவில் தங்கிக் கடலுயிர்களை ஆராய்ந்தவர் என்று படித்திருக்கிறேன். வேலை நடக்கிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

பதிவு 12 – முத்திரைத்தாள்

ஈயக்குண்டு அண்ணே, அந்த அதிகாரம் எங்கள் தொழிலின் உயிர். சட்டம் பொதுவாகத்தான் பேச முடியும், நடப்பதோ தனித்தனியாக நடக்கிறது. சட்டம் விட்டுவைத்த இடத்தில், சட்டம் செய்தவன் இங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று பார்த்து நிரப்புவதை எபிஎய்கெயா என்கிறார். நாங்கள் ஈக்விட்டி என்போம். கோளாறு சட்டத்திலும் இல்லை, சட்டம் செய்தவனிடமும் இல்லை, விஷயத்தின் இயல்பில் இருக்கிறது என்று ஒரு வரி உண்டு. அதைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பதிவு 13 – ஆற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. எல்லாம் மாறக்கூடியவை என்றால், "எங்கும் ஒரே வலிமையோடு இருப்பது" என்று அவரே தொடங்கினாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்னொன்று, "மாறாத இயற்கைச் சட்டம்" என்ற எண்ணம் பிறகு எங்கிருந்து வந்து அவர்மேல் ஒட்டியது?

பதிவு 14 – பழைய ஏடு

இரண்டாவது எளிது. அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த ஸ்டோயிக் தத்துவப் பள்ளியினர் உலகம் முழுக்க ஓடும் அறிவையே சட்டம் என்றார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. முதல் நூற்றாண்டில் அதை லத்தீனில் முழங்கினார்: உண்மையான சட்டம் இயற்கையோடு ஒத்த சரியான அறிவு, அது ரோமில் ஒன்று ஏதென்ஸில் ஒன்று என்று இருக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இந்தச் சரக்கையும் அரிஸ்டாட்டிலையும் ஒரே கட்டடத்தில் வைத்தார், நிக்கோமாக்கிய அறவியலுக்கு உரையும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அக்வினாஸின் கண்ணாடி வழியாக அரிஸ்டாட்டிலைப் படித்தார்கள். உங்கள் குறிப்பு அந்தக் கண்ணாடியின் கடைசித் துண்டு.

முதல் கேள்வி கடினம். மாறக்கூடியது என்றால் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று அவர் சொல்லவில்லை. 2ஆம் நூலில் கொலை, திருட்டு, பிறன்மனை சேர்தல் இவற்றுக்கு, கூடாமலும் குறையாமலும் சரியாகச் செய்யும் நடுவளவு என்பதே கிடையாது, பெயரிலேயே கெடுதி இருக்கிறது என்கிறார். இந்த 7ஆம் அதிகாரத்தில் ஏற்பாட்டால் வரும் நியாயத்துக்கு அளவுப்பாத்திர உவமை சொல்கிறார்: ஒயினுக்கும் தானியத்துக்கும் அளவுகள் எங்கும் சமம் அல்ல, மொத்தமாக வாங்கும் இடத்தில் பெரிது, விற்கும் இடத்தில் சிறிது. ஆட்சிமுறைகளும் அப்படியே ஒன்றுபோல இல்லை என்கிறார். பிறகு, "ஆனாலும் இயற்கைப்படி சிறந்தது எங்கும் ஒன்றுதான்" என்று ஒரு வாக்கியம்.

அந்த "எங்கும்" என்ற சொல்லில்தான் நூற்றாண்டுகளாகச் சண்டை. கிரேக்கத்தில் பன்டகூ. "உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒன்று" என்றும் எடுக்கலாம், "அந்தந்த இடத்துக்கு ஒன்றே ஒன்று" என்றும் எடுக்கலாம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து தமிழாக்கிப் பார்க்கும்போது இந்த வரியில் ஒரு மாலை முழுக்கப் போனது. "ஊருக்கெல்லாம் ஒன்று" என்று எழுதுவதா, "ஊருக்கு ஊர் ஒன்று" என்று எழுதுவதா? தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். நான் இரண்டாவதை எழுதினேன். கையின் உவமையும் ஈயக்கோலும் அந்தப் பக்கம் இழுப்பதாக எனக்குப் பட்டது.

பதிவு 15 – முத்திரைத்தாள்

நான் முதலாவது. "ஊருக்கு ஊர் ஒன்று" என்றால், ஊரில் இருப்பதே ஊருக்குச் சிறந்தது என்று கிரியோன் சொல்லிவிட்டுப் போவான். அன்டிகோனிக்கு நிற்க இடம் இருக்காது.

பதிவு 16 – பழைய ஏடு

இருப்பது வேறு, சிறந்தது வேறு, வக்கீல் சார். தீப்ஸுக்குச் சிறந்தது எது என்பதில் தீப்ஸின் அரசனும் தவறலாம். உடற்பயிற்சி ஆசிரியனுக்கு முழு ஆரோக்கியமான உடலுக்கு எது சிறந்தது என்றும் தெரியவேண்டும், எதிரே நிற்கும் இந்த உடலுக்கு எது பொருந்தும் என்றும் தெரியவேண்டும் என்று "அரசியல்" 4ஆம் நூல் தொடங்குகிறது. இரண்டும் அவரிடம் இருக்கின்றன. அதனால்தான் எனக்கும் முழுத் தூக்கம் வரவில்லை.

பதிவு 17 – கரிசல்

அப்படியானால் அந்த 4ஆம் நூலின் முதல் அதிகாரத்தை இங்கே வரிவரியாகப் போடுங்கள், சார். படித்துவிட்டுப் பேசுவோம். இந்தமுறை அந்த ஊரில் அடிமைகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

பதிவு 18 – பழைய ஏடு

ஞாயிறு காலை போடுகிறேன். அந்தக் கேள்வியையும் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன்.